நல்ல இணையதளம் எது? ராமநாதபுரம் கரையோரத்தை வைத்து ஒரு விளக்கம்

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதிலிருந்து ராமேஸ்வரத்தில் மறுபடியும் ரயிலிலேயே வந்து இறங்க முடிகிறது. வருகிறவர்கள் டிக்கெட், அறை, வண்டி என்று எதையும் முதலில் தேடுவது போனில்தான். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான், பட்டா, மின்கட்டணம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம், நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்பதுவரை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு தளம் இருக்கிறது. இருந்தும் பிரவுசிங் சென்டரிலும் இ-சேவை மையத்திலும் ஆட்கள் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தளமும் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது, அப்புறம் எதற்கு அரை நாளைப் போக்கி, காசும் கொடுத்து, அதே தளத்தை இன்னொருவரை விட்டுத் தட்டச் சொல்ல வேண்டும்?

"நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் தெரியாது" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் யூபிஐயில் மீன் காசு வாங்கத் தெரிந்தவருக்கு, வாட்ஸ்அப்பில் இன்றைய நண்டு விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு, ஒரு படிவத்தை மட்டும் நிரப்ப வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் படிவத்தில்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கூட்டம் வேறு, திருப்தி வேறு

ஒரு தளம் வெற்றி பெற்றதா என்று கேட்டால் நடத்துகிறவர்கள் உடனே சொல்வது வருகை எண்ணிக்கை. இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், இத்தனை பக்கம் பார்த்தார்கள். இந்த எண் பொய் இல்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கென்று அரசு தொடங்கிய ஹெல்த்கேர் டாட் கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் லட்சக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள். காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். பின்னால் வெளியான அரசு ஆவணங்களில் இருக்கிற கணக்கு இது. வருகையை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கு உலகத்திலேயே வெற்றிகரமான தளம் என்று அதற்குப் பட்டம் கட்டியிருக்கலாம்.

இன்னொரு பக்கம், வேறு வழியே இல்லாத இடத்திலும் கூட்டம் கூடும். ஏசி தட்கல் காலை 10 மணிக்கும் ஏசி இல்லாத தட்கல் 11 மணிக்கும் திறக்கிறது என்றால், அந்த நேரத்தில் நாடு முழுக்க ஒரே தளத்தில்தான் மொய்க்கும். தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டியவர் தளம் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, திருப்தியை எப்படித்தான் வரையறுப்பது? ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தினார்கள். அது மூன்று கேள்வி கேட்கிறது:

1. வந்தவர் வந்த வேலையைச் சரியாக முடித்தாரா?
2. முடிப்பதற்கு எவ்வளவு நேரமும் பாடும் ஆனது?
3. முடித்த பிறகு அவருக்கு அது ஒத்துப்போனதா, இல்லை எரிச்சல்தான் மிஞ்சியதா?

இந்தத் தரம் இதோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள்: இன்ன ஆள், இன்ன வேலைக்காக, இன்ன சூழ்நிலையில் என்று சொல்லாமல் இந்த மூன்றையும் அளக்கவே முடியாது. சென்னையில் குளிர்பதன அறையில் பெரிய திரையில் நன்றாக இருந்த ஒரு பக்கம், உச்சி வெயிலில் தங்கச்சிமடம் கரையில் ஈரக் கையோடு போனைப் பிடித்திருக்கிறவருக்கும் நன்றாக இருக்கும் என்று எந்தத் தரமும் உத்தரவாதம் தரவில்லை.

ஒரே ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

மண்டபத்திலிருந்து நாட்டுப்படகில் போகிற ஒருவர் முந்தைய நாள் சாயங்காலம் கடல்நிலை அறிவிப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது மூன்று விஷயம். நாளைக்குப் போகலாமா? வடகடலா, தென்கடலா? எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும்?

இந்தத் தகவலுக்கு மூலம் நம் நாட்டில் நன்றாகவே இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலை உயரம், நீரோட்டம், கடல் சீற்ற எச்சரிக்கை எல்லாம் கணித்துத் தருகிறது. வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தையும் மீனவர்களுக்கான எச்சரிக்கையையும் தருகிறது. அதை வாங்கி மக்களுக்குக் காட்டுகிற தளமோ செயலியோ எப்படிக் காட்டுகிறது என்பதில்தான் வேலை கெடுகிறது.

முதல் இடறல், மாவட்டம் முழுக்க ஒரே வரி. "ராமநாதபுரம்: அலை இத்தனை மீட்டர் முதல் இத்தனை மீட்டர் வரை." இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது வடகடலில் தொழில் நடக்கும். வாடைக் காலத்தில் அது அப்படியே தலைகீழ். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் இரண்டு பக்கத்து ஆளுக்கும் அது உதவாது.

இரண்டாவது, எண்ணின் பொருளைச் சொல்லாமல் விடுவது. அலை 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் படிக்கிறவர் எந்த அலையும் 1.5 மீட்டரைத் தாண்டாது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் கணிப்புகளில் வருவது வழக்கமாக 'குறிப்பிடத்தக்க அலை உயரம்'. அதாவது அந்த நேரத்து அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கும் எழும்பலாம். "இடையிடையே 3 மீட்டர் அலையும் வரலாம்" என்று கீழே ஒரு வரி சேர்க்க ஒரு நிமிடம் போதும். அந்த வரி இருக்கிற பக்கத்துக்கும் இல்லாத பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் முகப்பு அழகில் வருகிற வித்தியாசம் இல்லை, அது ஆள் உயிர் சம்பந்தப்பட்டது.

கள்ளக்கடல் என்கிறார்களே, அந்த எச்சரிக்கைக்கு இது இன்னும் பொருந்தும். தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றில் கிளம்பிய அலை, இங்கே காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் திடீரென்று வந்து கரையில் ஏறும். வானத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து முடிவெடுக்கிற அனுபவம் அங்கே கைகொடுக்காது. அறிவிப்பு ஒன்றுதான் துணை. அப்படிப்பட்ட அறிவிப்பை முகப்பில் ஓடுகிற எழுத்து வரிசையில் பத்தோடு பதினொன்றாகப் போட்டு வைப்பதைச் சில தளங்களில் பார்க்கலாம்.

மூன்றாவது, சிக்னல். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே நெட் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் சில நேரம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் அனுப்பும், அது வேறு கதை. கடலில் போய் அதே பக்கத்தைத் திறந்தால் "இணைப்பு இல்லை" என்று வெற்றுத் திரை வருவதற்குப் பதில், கரையில் கடைசியாகப் பார்த்ததையே போன் எடுத்துக் காட்டும்படி செய்ய முடியும். பிரவுசரிலேயே அதற்கு வசதி இருக்கிறது, சர்வீஸ் வொர்க்கர் என்று பெயர். பக்கத்தை ஒரு முறை திறந்ததும் அதைப் போனுக்குள்ளேயே பத்திரப்படுத்திக்கொள்ளும் சின்ன நிரல் அது. அப்படிச் செய்தால் "இது நேற்று மாலை 5 மணி நிலவரம்" என்று மேலேயே போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய தகவலைப் புதிது என்று நம்பிவிடுவார்கள்.

ஆக, அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாக வர வேண்டியவை:

1. எந்தக் கடல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எச்சரிக்கை உண்டா இல்லையா. எழுத்தில். சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பூசி விட்டுவிட்டால் வெயிலில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.
2. காற்றும் அலையும், எண்ணோடு அதன் பொருளும்.
3. எப்போது எழுதியது, அடுத்தது எப்போது வரும்.
4. வரைபடம், விளக்கம், துறையின் வரலாறு, மற்றதெல்லாம்.

பல தளங்களில் இந்த வரிசை நான்கிலிருந்து ஒன்றுக்குப் போகிறது.

'இல்லை' என்பதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்

இன்காய்ஸ் தருகிற இன்னொரு சேவை, மீன் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைச் சொல்வது. செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் இருக்கும் பச்சையத்தின் அளவையும் பார்க்கிறது; அதை வைத்து இன்ன மீன் இறங்குதளத்திலிருந்து இன்ன திசையில், இத்தனை தூரத்தில், இவ்வளவு ஆழத்தில் என்று குறித்துத் தருகிறார்கள். மேகம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது, அன்றைக்கு அறிவிப்பு வராது. இது நியாயமான காரணம். ஆனால் தகவலைக் காட்டும் பக்கம் ஒன்றும் சொல்லாமல் காலியாக இருந்தால், தளம் கெட்டுப்போய்விட்டதா, நம் போனில் கோளாறா, மீனே இல்லையா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. "மேகமூட்டத்தால் இன்று குறிக்க முடியவில்லை" என்ற ஒரு வரிக்கு நம்பிக்கையைக் காப்பாற்றுகிற சக்தி உண்டு.

ரயிலுக்கும் இதே கதைதான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் ரயில்கள் தீவுக்குள் வரவில்லை, மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ நின்றுவிட்டன. அந்த இரண்டேகால் வருடத்தில் ராமேஸ்வரம் என்று தேடுகிற வடநாட்டு யாத்ரீகருக்கு ஒரு பயணத் தளம் "ரயில் இல்லை" என்று மட்டும் காட்டினால் அது எழுத்தளவில் சரியான பதில்தான், ஆனால் அவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. "பாலம் வேலை நடக்கிறது, மண்டபம் வரை ரயில், அங்கிருந்து பஸ்" என்பதுதான் அவர் தேடி வந்தது.

தேடல் பெட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ராமேஸ்வரம், இராமேசுவரம், ராமேச்சுரம், ராமநாதபுரம், ராம்நாடு, ஆங்கில எழுத்தில் அடித்தால் கீழக்கரைக்கே நாலைந்து விதம். தளத்தை உருவாக்கியவர் மனதில் இருந்த ஒரே எழுத்துக்கூட்டலை அடித்தால்தான் விடை வரும் என்றால் அந்தப் பெட்டியைத் தேடல் பெட்டி என்று சொல்வதில் அர்த்தமில்லை. எல்லா வடிவத்தையும் ஒரே ஊருக்குக் கட்டிவைக்கிற பட்டியலை உள்ளூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு மத்தியானத்தில் போட்டுவிடலாம்.

வேகம்: எண்ணிக்கையில் பார்த்தால்

கணினிக்கு முன்னால் மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதற்கு, தளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1993-லேயே மூன்று எல்லை எழுதி வைத்தார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை யோசனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் போய்விடும், ஆள் வேறு வேலையைப் பார்ப்பார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இது மாறவில்லை, ஏனென்றால் இது கருவியைப் பற்றியது இல்லை.

இணையப் பக்கங்களை அளக்க கூகுள் 2020-இல் மூன்று அளவுகோலை அறிவித்தது. 2024 மார்ச்சில் அதில் ஒன்றை மாற்றியது. இப்போது இருப்பவை:

1. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 நொடிக்குள் கண்ணில் பட வேண்டும்.
2. பட்டனைத் தொட்டால் 200 மில்லி நொடிக்குள் திரையில் ஏதாவது அசைய வேண்டும்.
3. திறந்த பிறகு பக்கம் மேலும் கீழும் குதிக்கக் கூடாது. இதற்கும் ஓர் அளவு உண்டு, 0.1. 'பணம் கட்டு' என்று தொடப்போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் நுழைந்து, விரல் 'ரத்து' மேல் விழுகிறதே, அதைத்தான் இது அளக்கிறது.

வருகைகளில் 75 சதவீதமாவது இந்த எல்லைக்குள் இருந்தால்தான் தேர்ச்சி. மெதுவான போனும் மெலிந்த சிக்னலும் வைத்திருப்பவர்களை விட்டுவிட்டுச் சராசரி காட்டித் தப்பிக்க முடியாதபடி வைத்த ஏற்பாடு என்று சொல்லலாம்.

மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முகப்பில் பிரமுகர்கள் படமும் திறப்புவிழாப் படமும் மாறி மாறி ஓட, பக்கம் மொத்தம் 5 எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்கிற இடத்தில், அதாவது கரையோரத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில், அது திறக்க 40 நொடி ஆகும் (8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி). அதே தகவலை 200 கேபியில் கொடுத்தால் 1.6 நொடி. படத்தை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது, ஆனால் படத்தை எடு என்று யார் யாரிடம் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

படிவம், பெயர், ஓடிபி

பிரவுசிங் சென்டருக்கு ஆட்கள் ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது.

முதலில் பெயர். 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும். அந்த ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டால் "குறைந்தது 3 எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் வரும். புள்ளி வைத்தால் "சிறப்புக் குறியீடு கூடாது". கீழக்கரையில் இரண்டு மூன்று இனிஷியலும் நீளமான பெயரும் உள்ளவர்களுக்குக் கட்டத்துக்குள் பெயரே அடங்காது. அப்புறம் ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற தளம் "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். எது எதனோடு பொருந்தவில்லை என்று சொல்லாது. 'ஆதாரில் உள்ளபடி பெயர்' என்று ஒரே கட்டம் வைத்து, புள்ளியையும் இடைவெளியையும் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டிருந்தால் இதில் பாதி தகராறு எழுந்திருக்காது.

அடுத்தது ஓடிபி. பாசி எடுக்கப் போகிற ஒரு பெண் நலத்திட்டப் படிவம் நிரப்புகிறார். வீட்டில் எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிற நம்பர் கணவருடையது. அவர் விசைப்படகில் போயிருக்கிறார், நாளைக் காலையில்தான் கரைக்கு வருவார். ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. அந்தப் போன் கடலில் சிக்னல் இல்லாமல் கிடக்கிறது. பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதி. சரி, அவர் வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று மறுநாள் திறந்தால் நேற்று நிரப்பியது ஒன்றுகூட இல்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படிவத்தை வடிவமைத்தவர் மனதில் இருந்தது ஒரு ஆள், ஒரு போன், ஒரு நம்பர். இந்தக் கரையில் பல வீடுகளில் கணக்கு அப்படி இல்லை. நிரப்பியதைப் பாதியில் சேமித்து வைக்க இடம் கொடுப்பதும், ஓடிபியைக் கடைசி ஒரே கட்டத்தில் கேட்பதும் தொழில்நுட்பத்தில் பெரிய விஷயமே இல்லை.

இப்போது அதே பெண் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். அங்கே உட்கார்ந்திருக்கிற பையன் செய்வதைக் கவனித்துப் பாருங்கள்:

1. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். தளம் அதை ஆறாவது பக்கத்தில்தான் சொல்கிறது.
2. போட்டோவை 50 கேபிக்குள் சுருக்கத் தெரிந்து வைத்திருக்கிறான். தளம் "அளவு அதிகம்" என்று சொல்லும், சுருக்கித் தராது.
3. எந்தக் கட்டத்தில் என்ன போட்டால் திரும்பி வரும் என்பது அவனுக்கு மனப்பாடம்.
4. கடைசியில் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, "முடிஞ்சிருச்சுக்கா, மெசேஜ் வரும், இந்தத் தாளைப் பத்திரமா வச்சுக்கங்க" என்கிறான்.

அந்த நாலாவதுக்குத்தான் பெரும்பாலும் காசு. வேலை முடிந்தது என்று யாராவது சொல்ல வேண்டும், சொன்னதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும். எத்தனையோ தளங்களில் 'சமர்ப்பி' அழுத்திய பிறகு ஒரு வட்டம் சுற்றும், பிறகு பழையபடி முகப்புப் பக்கம் வந்து நிற்கும். போய்ச் சேர்ந்ததா? மறுபடி அழுத்தலாமா? அழுத்தினால் இரண்டு தடவை பணம் போகுமா? விண்ணப்ப எண், தேதி, அடுத்து யாரிடம் போகிறது, எத்தனை நாளில் பதில் வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று ஐந்து வரி போட்டு, அதையே எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பினால் அந்தப் பையனின் வருமானத்தில் கொஞ்சம் குறையும்தான். ஆனால் அவன் தன் வசதிக்காகத் தன் நம்பரையே பல படிவத்தில் கொடுத்து வைத்திருப்பதும், பாதி ஊரின் பாஸ்வேர்டு அவன் நோட்டில் இருப்பதும் யாருக்கும் நல்லதில்லை.

எழுத்து

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசாணையைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப்பாக ஏற்றினால் அது எழுத்து இல்லை, படம். தேடலில் சிக்காது, பெரிதாக்கினால் மங்கும், பார்வை இல்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் சுவர். பழைய எழுத்துருக்களில் ஏற்றியதும் அப்படித்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கிலக் குறிகளாக உதிரும். எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு முறைக்கு மாறச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2010-லேயே சொல்லிவிட்டது. நிறம் பற்றி உலக அளவில் ஒப்புக்கொண்ட விதியும் உண்டு: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதமாவது இருக்க வேண்டும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கலாம், தனுஷ்கோடி அரிச்சல்முனை வெயிலில் அது இல்லாததற்குச் சமம்.

நம்பிக்கை எதிலிருந்து வருகிறது

ராமேஸ்வரத்தில் அறை தேடுகிறவருக்கு முதல் பயம், இந்தத் தளம் நிஜமா என்பது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று ரொம்ப நாள் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அது தப்பு. போனிலிருந்து தளத்துக்குப் போகும் வழியில் யாரும் தகவலை ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். எதிர் முனையில் இருப்பவர் யோக்கியரா என்று பூட்டு சொல்லாது. மோசடித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் பிரவுசர் 2023-இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

நிஜமான தளமே நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று ஹாரி பிரிக்னல் என்பவர் 2010-இல் பெயர் வைத்தார். வருகிறவரை ஏமாற்றியோ நெருக்கியோ அவர் விரும்பாததைச் செய்ய வைக்கும் வடிவமைப்பு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறை 13 வகையைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அறை பதிவில் அதிகம் கண்ணில் படுகிறவை:

1. போலி அவசரம். "இன்னும் 2 அறைதான், 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்", ஆடி அமாவாசைக்கும் அதே இரண்டு, ஆளில்லாத செவ்வாய்க்கிழமைக்கும் அதே இரண்டு.
2. சொட்டுச் சொட்டாக விலை. முதலில் ஒரு தொகை, பணம் கட்டும் பக்கத்தில் சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று வேறு தொகை.
3. கூடையில் நுழைப்பது. கேட்காமலே காப்பீடும் நன்கொடையும் டிக் ஆகியிருக்கும்.

இவை ஒரு முறை பணம் கொண்டுவரும். அடுத்த தடவை அந்த யாத்ரீகர் தெரிந்த ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு அறை சொல்லச் சொல்வார், தளம் பக்கமே வரமாட்டார். முழு விலை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், அடித்தால் எடுக்கிற ஒரு போன் நம்பர், இந்த மூன்றையும் முதல் பக்கத்திலேயே போடுகிற சின்ன விடுதியின் சுமாரான தளத்துக்கு இதைவிட அதிகம் திரும்பி வருவார்கள் என்பது என் கணிப்பு.

எதை அளப்பது, எப்படிச் சோதிப்பது

பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைத் துறை தன் சேவைகளுக்கு நான்கு அளவு வைத்தது: தொடங்கியவர்களில் முடித்தவர்கள் எத்தனை சதவீதம், அவர்கள் திருப்தி எவ்வளவு, ஒரு விண்ணப்பத்துக்கு அரசுக்கு என்ன செலவு, மொத்தத்தில் எத்தனை பேர் இணையம் வழியாகவே செய்கிறார்கள். வருகை எண்ணிக்கை இதில் இல்லவே இல்லை என்பதைக் கவனிக்கவும். தளத்தில் செலவிட்ட நேரம் என்ற அளவும் ஆளை ஏமாற்றும். செய்தித் தளத்தில் பத்து நிமிடம் இருந்தால் நல்லது. அலை உயரம் பார்க்கிற பக்கத்தில் பத்து நிமிடம் இருந்தால் அவருக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டார் என்பதை வருகையைக் கணக்கிடும் மென்பொருள் தோல்வியாகக் காட்டும், இங்கே அதுதான் வெற்றி.

சோதனைக்குப் பெரிய செலவு வேண்டாம். 5 பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே குறைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதியது பிரபலம். அது ஒரே மாதிரி ஆட்களுக்கான கணக்கு. மீனவர், யாத்ரீகர், கல்லூரி மாணவி என்று மூன்று வகை இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று பேராவது வேண்டும். அவர்களை அலுவலகத்துக்குக் கூப்பிடாமல் அவர்கள் இடத்துக்குப் போய், அவர்கள் போனில், அவர்கள் சிக்னலில் செய்யச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது, இது மட்டும்தான் கஷ்டம். "மேலே அந்த மூணு கோட்டைத் தொடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

திறப்புவிழாவுக்குப் பிறகு

தளம் கட்ட நிதி ஒதுக்குகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் ஒதுக்குவதில்லை. 'புதியது' என்று மின்னுகிற குறி வருடக்கணக்காக மின்னிக்கொண்டிருக்கும், மாறிப்போன அதிகாரியின் நம்பர் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் பழசு என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் மற்ற பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள், சரியான பக்கமும் சேர்ந்து அடிபடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பான ஒருவரும் ஒரு காலாவதித் தேதியும் இருந்தால் இதைத் தடுக்கலாம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வருடா வருடம் தேதி தெரிந்த விஷயம். ஜூன் 15 காலையில் அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, கடலுக்குப் போகிற படகுகளுக்கு அனுமதி டோக்கன் எங்கே எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்பதை அந்த இடத்தில் போட வேண்டியவர் யார் என்பதை, அறிவிப்பை ஏற்றுகிற ஏப்ரலிலேயே எழுதி வைத்துவிடலாம்.